ரெண்டு சீட்டுக் கல்யாணக் கார்

எங்கள் வீட்டு முன்னறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் சுவரில், பெரிதாக ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. மேல்கூரை இல்லாத சிவப்புக் கார். இடது பக்கம் என் மனைவி கலாராணி, இருபத்திரண்டு வயதில், பட்டும் மாலையுமாக. வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முறுக்கிய மீசையும் அடர்ந்த முடியுமாக ஓர் ஆண். நெற்றி நிறையக் குங்குமம். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் மரியாதைக்கு, "வயசாச்சுன்னா எல்லாரும் மாறத்தானே செய்வோம்," என்பார்கள்.

நான் அந்த அளவுக்கெல்லாம் மாறவில்லை. படத்தில் இருப்பது நான் இல்லை. அது டிரைவர் வீரையா.

இதற்குக் காரணம் என் மைத்துனர். கலாராணியின் அண்ணன் ராஜலிங்கம் இன்றைக்கு அகில இலங்கை சமாதான நீதவான். அவர் போய் எந்த இடத்திலாவது சமாதானம் ஏற்பட்டதாக எனக்கு இதுவரை தகவல் இல்லை. பத்திரங்களில் அத்தாட்சி குத்தும் ரப்பர் முத்திரை மட்டும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். தொண்ணூற்று நாலாம் ஆண்டில் அவர் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர் உலகத்தைப் போல வாடகை வேன் பிடிப்பது அவருடைய அந்தஸ்துக்குப் போதவில்லை. தோட்டத்தை நடத்தும் பங்களாத் துரையிடம் கெஞ்சி, துரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுக்கும் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஒருநாள் இரவலாக வாங்கிவிட்டார். பந்தயக் கார்போலத் தரையோடு ஒட்டி ஓடும் இங்கிலீஷ் வண்டி. வருசக்கணக்கில் ஞாயிறுதோறும் அதைப் பார்த்த மனிதர், அதில் இரண்டே இரண்டு சீட் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கார் கிட்ட வரும்போதெல்லாம் அவர் குனிந்து கும்பிட்டபடி நிற்பார். அந்தக் கோணத்தில் டயர்தான் தெரியும்.

நாவலப்பிட்டிக் கோயிலில் தாலி கட்டியாயிற்று. பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறி கம்பளையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு சீட்டில் துரையின் டிரைவர் வீரையா உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் கலாவை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் மாப்பிள்ளைக்குச் சீட்டைத் தேடியதாகச் சொல்கிறார்கள். நான் அப்போது அங்கே இல்லை. கோயில் பக்கச் சுவரோரம், காணாமல் போன என் புதுச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ராஜலிங்கம் தீர்ப்பு வழங்கி முடித்திருந்தார்.

"பொண்ணு கார்ல போகட்டும். மாப்பிள்ளை பின்னால கொழுந்து லொறியில வரட்டும். என்ன இப்ப, எல்லாம் ஒரே ரோடுதானே?"

நான் வெறுங்காலோடு லொறியில் ஏறினேன். ஒரு பக்கம் மேளக்காரர்கள், மறுபக்கம் கழுவாத இரண்டு பிரியாணி அண்டா. கம்பளைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கண்ணில் புரை விழுந்திருந்த என் பெரியம்மா ரத்தினம்மா, காரில் ஜோடியாக வந்த இருவருக்கும் ஆலத்தி சுற்றி, குங்குமமும் வைத்து முடித்திருந்தார். போட்டோக்காரரும் தன் கடமையைச் செய்திருந்தார். அந்தப் படத்தில்தான் கலா ஆக அழகாக இருக்கிறாள் என்று ராஜலிங்கமே செலவு செய்து பெரிதாக்கி, சட்டம் போட்டுப் பரிசாகத் தந்தார்.

இப்படியாக என் மனைவியின் கல்யாண ஊர்வலத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு கண்டி மாநகர சபையில் தண்ணீர்ப் பில் எழுதி, பக்கத்தில் அம்பிட்டியவில் சரிவான காணியில் வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்து, பென்ஷனும் வாங்கியாயிற்று. ஆனால் அந்தக் காரில் கலாவுக்குப் பக்கத்தில், அதே கோயில் வாசலிலிருந்து கம்பளை வரை ஒரு தடவை போய்விட வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குப் போகவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நானே இன்னொருவர் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

இரண்டாயிரத்து இருபத்து நாலு தை மாதம், கதவு நிலைக்குப் பலகை வாங்கக் கம்பளையில் ஒரு மரக்காலைக்குப் போயிருந்தேன். பின்பக்கம் பலாப் பலகைகளுக்கு நடுவே, துருவேறிய ஒரு நம்பர் தகடு தெரிந்தது. முப்பது வருசமாகத் தினமும் சோறு தின்னும்போது கல்யாணப் படத்தில் பார்க்கும் நம்பர். பலகைகளை விலக்கினேன். தகட்டுக்குப் பின்னால் மிச்சக் காரும் இருந்தது. அதற்குள்ளே பத்துப் பதினைந்து கோழிகள் இருந்தன.

மரக்காலையை நடத்துகிற றம்ஸியா என்ற அம்மாவிடம், இந்தக் காரைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"கார் எங்க ஐயா ஈக்குது? அது கோழிக்கூடு," என்றார். "எங்கட மனிசன் யார்ட்டயோ வாங்கிப் போட்டது. அவர் மௌத்தாகி ஆறு வருசம். இப்ப வெளிநாட்டு வாகனம் வாறதில்லண்டு கண்டவனெல்லாம் வந்து வெல கேக்கிறான். நான் குடுக்கல்ல."

"ஏன்?"

"கோழிய எங்க வெக்கிற?"

பேரம் பேசியதில், பழைய இரும்பு விலையும், அதற்கு மேல் ஓடு போட்ட புதுக் கோழிக்கூடு ஒன்றும் என்று முடிந்தது. கோழிக்கூடு காரைவிடக் கூடுதலாக வந்துவிட்டது என்பதைக் கலாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த வேலை வீரையாவைத் தேடுவது. அந்த வண்டியின் கியரும் கிளச்சும் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். தேடவும் தேவையில்லை, தோட்டத்தை விட்டு வந்து, இருபது வருசமாகக் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அதனால்தான் நான் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போவேன். வயது அறுபத்து மூன்று. முடி முழுவதும் இருந்தது. கொஞ்சம்கூட நரைக்காமல் இருந்தது. கடவுளுக்கு ஒரு நீதி இருக்க வேண்டாமா?

"வீரையா, அந்தக் கார் கெடைச்சிருச்சு," என்றேன்.

"எந்தக் காரு சார்?"

"என் பொண்டாட்டிய நீங்க கூட்டிட்டுப் போனீங்களே, அந்தக் கார்."

ஆட்டோ வரிசையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. வீரையா சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, போய்ப் பாப்போம்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, கலா துணி காயப்போடும் தகரக் கொட்டகையில் இறக்கினோம். கலா வந்து நின்று பார்த்தாள். கதவு என்று நினைத்துத் தொட்டது கையோடு வந்துவிட்டது.

"எதுக்குங்க இது?"

"பழைய வண்டிக்கெல்லாம் இப்ப நல்ல வெல. ஒரு முதலீடு."

"என் கொடிக்கம்பி?"

"வேற கட்டித் தர்றேன்."

கோழி எச்சத்தைச் சுரண்டவே ஒரு வாரம் போனது. அந்த வண்டியின் முன்மூடி மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாயும். திறந்துவிட்டு ஆளுக்கொரு முன் டயரில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என்ஜினை வைத்து வேலை செய்யலாம். எட்டு மாதம் நானும் வீரையாவும் அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் வாயில் ஸ்குரூ இருக்கும். அல்லது வெற்றிலை இருக்கும். எப்படியும் பேச்சு இருக்காது. அன்றைக்குக் காரில் என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். பதினெட்டுக் கிலோமீட்டர் தூரம். ஏதாவது பேசித்தானே இருப்பார்கள்? கேட்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் பொறாமைப்படுவது உடம்புக்கு நல்லதில்லை.

புது உதிரிப்பாகம் லண்டனிலிருந்து வரவழைக்கலாம் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தது. என் பென்ஷனைத் தெரியாதவர்கள் போட்டது. உக்கிப்போன அடித்தகட்டுக்கு, ஒரு தேயிலை ஃபெக்டரியில் கழித்துப் போட்ட தகரத்தை நிறுத்து வாங்கி வெட்டி ஒட்டினோம். பிரேக் ரப்பர் ஏதோ ஜப்பான் வேனுடையது. வீரையா அதைப் பிளேடால் சீவிச் சீவிப் பொருத்தினார். முன் விளக்கு இரண்டும் ஒரு மொரிஸ் மைனரிலிருந்து தானமாக வந்தவை. பெற்றோல் டாங்கிக்குள் ஒரு சிரட்டை துரு இருந்தது. அதற்குள் சல்லிக் கல்லும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டு, வாயை அடைத்து, சாக்கில் சுற்றி, எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் சரிவில் உருட்டிவிட்டோம். கீழே போய்த் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி உருட்டினோம். இரண்டு கிழவர்கள் சாக்குமூட்டையை மலையிலிருந்து தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்து, அயல் வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் மகளுக்கு போன் செய்துவிட்டார். துஷ்யந்தி கொழும்பிலிருந்து பதறிப்போய், "அம்மா, அப்பாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாள்.

"சுகமாத்தான் இருக்காரு," என்றாள் கலா. "செவத்தக்காரி ஒருத்தியக் கொண்டாந்து வெச்சிருக்காரு. அவளைக் குளிப்பாட்டுறாரு."

ஆனால் சீட்டைத் தைத்தது கலாதான். குட்ஷெட் பக்கம் பஸ் சீட் தைக்கிறவர்களிடம் மிஞ்சிய ரெக்ஸினை வாங்கி வந்து, தென்னந்தும்பை அடைத்துக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் சட்டை தைத்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள், ஒன்றும் கேட்காமல் மெஷினில் உட்கார்ந்து நாலு நாளில் முடித்துவிட்டாள். கண்டி பஸ்ஸில் இருப்பதுபோலவே சிவப்பும் கறுப்பும் பட்டை போட்ட சீட். பெயின்ட், ஒரு கோயில் தேருக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்பு. துணிக்கூரை மட்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. வெயில் நாளாகப் பார்த்துப் போனால் போகிறது என்று விட்டுவிட்டோம்.

ஆடி முடிகிற நேரத்தில் என்ஜின் முதல் தடவை இருமியது. வாகனப் பரிசோதனை, காப்புறுதி எல்லாம் முடித்த கையோடு ராஜலிங்கம் வந்து சேர்ந்தார். வெள்ளை நேஷனல் உடுப்பு, கையில் டயரி. கதிரையைக் கொட்டகைக்கே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இதைச் சும்மா விடக்கூடாது. நாவலப்பிட்டிக் கோயில் வாசல்ல ஒரு சின்ன நிகழ்வு வெப்போம். பேனர் அடிக்கிறேன். நான் தலைமை தாங்குறேன்."

"என்ன நிகழ்வு மச்சான்?"

"முப்பது வருசத்துக்கு முன்னால மலையகத்துல முதல் முதலா ஸ்போர்ட்ஸ் கார்ல பொண்ணை அழைச்சது யாரு? இந்தத் தலைமுறைக்குத் தெரிய வேணாமா?"

"மாப்பிள்ளைய லொறியில அழைச்சதையும் பேனர்ல போடுவீங்களா?"

"அது நிர்வாக ரீதியா ஏற்பட்ட ஒரு சின்னச் சிக்கல்," என்றார். தேதியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். நாங்கள் புறப்பட இருந்த நாள் வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆவணி மாதத்துக்குச் சம்பந்தமில்லாத நல்ல வெயில். கலா கத்தரிப்பூ நிறச் சேலையில் வந்தாள். ஸ்பிட்ஃபயரில் ஏறுவது கதிரையில் உட்காருவது மாதிரி இல்லை, கிணற்றில் இறங்குவது மாதிரி. முதலில் பின்பக்கம், பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு கால். "அம்மா, ஆத்தா" என்று இரண்டு தலைமுறையைக் கூப்பிட்டுத்தான் உட்கார்ந்தாள். என் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு கடதாசியைச் செருக முடியாது. பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, வீரையா ஆட்டோவில் வந்தார்.

பேராதனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஜன்னலிலிருந்து கூச்சல் போட்டார்கள். கம்பளைக் கடைத்தெருவில் ஒருவர் கும்பிட்டார். நான் கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன். மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன். வழியில் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் வீரையா வந்து எதையோ தட்டினார், ஓடியது. பத்தரை மணிக்கு நாவலப்பிட்டிக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இறங்கு கலா. கும்பிட்டுட்டு இங்கேருந்து பொறப்படுவோம்."

கலா கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். அவ்வளவுதான். முழங்கால் மேற்கொண்டு வர மறுத்துவிட்டது. நான் இழுத்தேன். வீரையா இழுத்தார். பூக்கடை அம்மா வந்து அபிப்பிராயம் சொன்னார்.

"விடுங்க, கைய ஒடிச்சிடாதீங்க," என்றாள் கலா. "நான் இங்கேயே இருந்து கும்பிடுறேன். சாமிக்குக் கண்ணு தெரியாதா?"

அதற்குள் ஐயர் வெளியே வந்துவிட்டார். சிவப்பாகப் பளபளக்கும் வண்டியையும் சேலையில் ஒரு பெண்மணியையும் பார்த்ததும், வண்டிப் பூசை என்று அவராகவே முடிவு செய்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்.

"புது வண்டிங்களா?"

"அம்பது வருசம் ஆச்சு சாமி."

"வாங்கினது புதுசுதானே," என்று சொல்லி முன்மூடியில் சந்தனத்தை அப்பினார். ஒரு மாதம் தேய்த்த மினுக்கம் போனது. நான் மறுபடி ஏறி உட்கார்ந்ததும், ஏற்கெனவே சொல்லி வைத்தபடி, வீரையா என் போனில் எங்கள் இருவரையும் படம் எடுத்தார். வாங்கிப் பார்த்தேன். கலா அழகாக விழுந்திருந்தாள். என்னுடையது என்று ஒரு காதும், வழுக்கையில் அடித்த வெயிலும் இருந்தன.

வீரையா ஆட்டோவை மர நிழலில் விட்டுவிட்டுக் கடலை வாங்கப் போனார். என்ஜின் ஆறட்டும் என்று நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கலா கால் மேல் விழுந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு உலப்பனைகிட்ட, ஆத்தோரமா, வண்டிய நிறுத்தச் சொன்னேன்."

"யாரை?"

"அவரைத்தான். வேற யாரு இருந்தா?"

"எதுக்கு?"

"திருப்புங்கண்ணே, எங்க வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுருங்கன்னு அழுதேன். தாலி கட்டி ஒரு மணி நேரங்கூட ஆகல. உங்க மூஞ்சியக்கூட ஒழுங்காப் பாக்கல. தெரியாத ஊருக்கு, தெரியாத வீட்டுக்கு, கட்டினவர்கூடப் பக்கத்துல இல்லாமப் போறேன். ரோட்டுல எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க. அண்ணன் எதையாவது பெருசா செஞ்சாருன்னா யாராவது ஒருத்தர் அழணும். அன்னைக்கு நானு."

"வீரையா என்ன சொன்னாரு?"

"வண்டிய ஓரங்கட்டினாரு. கொஞ்ச நேரம் ஆத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, 'தங்கச்சி, மாப்பிள்ளை ஏங்கிட்டத் தனியா வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. புள்ள பயந்து போயிருக்கும், மெதுவா ஓட்டுங்க, அழுதா நிறுத்தி, அழுது முடிச்சப்புறம் கூட்டிட்டு வாங்கன்னு. நல்ல மனுசன்மா'ன்னு." கலா பூவை டேஷ்போர்டில் வைத்தாள். "அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தேன். நீங்க படத்தைப் பாத்துப் பாத்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறப்பல்லாம் நெனைப்பேன். இவ்வளவு யோசிச்ச மனுசன் எதுக்கு இதைச் சொல்லிக்காட்டவே மாட்டேங்கிறாருன்னு."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு வீரையாவிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மர நிழலைப் பார்த்தேன். மனிதர் கடலைத் தோலை ஊதிக்கொண்டு, எங்களைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் எதிர் டயரில் உட்கார்ந்திருந்த ஆள். அவர் எனக்கு இரவல் கொடுத்த அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டுதான் என் குடும்பம் இத்தனை வருசம் ஓடியிருக்கிறது. அவர் முடியை நான் இவ்வளவு காலம் வெறுத்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெருந்தன்மை ஆயுளுக்கும் என்னுடையது. ராஜலிங்கத்துக்குக் கிடைத்திருந்தால் பேனர் அடித்திருப்பார். கால் நிமிசம் நானும் அதை உடுத்திப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது.

"கலா, நான் அப்படிச் சொல்லல."

அவள் திரும்பினாள்.

"அவரு கெட்டித்தனமா ஏதோ சொல்லிச் சமாளிச்சிருக்காரு. நான் அந்த நேரத்துல சப்பாத்துத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ பயப்படுவேன்னு எனக்குத் தோணவே இல்ல. உண்மையச் சொன்னா, உன்னை நெனைக்கவே இல்ல. சப்பாத்து புதுசு."

கலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். கியர் தடியைப் பிடித்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பூக்கடை அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைத்தது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"அப்ப முப்பது வருசம் நான் பொறுத்துக்கிட்ட குறட்டைக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? வீரையா அண்ணனா?"

"அவரைக் கேட்டுப் பாக்கவா?"

"ஒண்ணும் வேணாம். அந்த மனுசன் கடலையத் திங்கட்டும்." என் பக்கம் திரும்பி, "சரி. இப்ப சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"அவரு சொன்னாரே, அதைத்தான். உங்க வாயால சொல்லுங்க. நான் இன்னும் கேக்கல இல்ல?"

ஊரில் யார் பேசினாலும் பதில் வைத்திருக்கிறவன் நான். ராஜலிங்கத்துக்கு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பதில் சொல்வேன். அங்கே, நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு சொல் வரவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. என்ஜினைக் கிளப்பினேன். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. ரயில் பாதையைத் தாண்டி, கம்பளை ரோட்டில் ஏறி, ஆறு கண்ணில் படும் வரை காத்திருந்தேன்.

"பயப்படாத கலா," என்றேன். தண்ணீர்ப் பில் வாசிக்கிற குரல்தான் வந்தது. "மெதுவாத்தான் ஓட்டுவேன். அழுகை வந்தாச் சொல்லு, நிறுத்துறேன்."

கலா வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வேகமாவே ஓட்டுங்க," என்றாள். "மழை வருது."

முதல் துளி என் மண்டையில்தான் விழுந்தது. அவள் கையை நீட்டித் துடைத்துவிட்டாள். மூன்றாவது கியரைப் போட்டேன்.